கோடியக்கரையா, பழவேற்காடா, கடலுண்டியா: அக்டோபரில் பறவை பார்க்க எங்கே போவது?

பெங்களூர் மடிவாளா ஏரிக்கரையில் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கூடும் குழு எங்களுடையது. பதினான்கு பேர். ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, அவர் மனைவி, எழுபதை நெருங்கும் இன்னொரு அம்மா, கணினி வேலையில் இருக்கும் ஆறு பேர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நான்கு பேர், அப்புறம் நான். ஏரியில் கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. "கடல் பக்கம் ஒரு தடவை போகலாமே" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது.

பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்தான். நினைத்த நேரத்தில் போய்வர முடியாது. தசரா விடுமுறையில் மூன்று நாள் கிடைக்கிறது. அதற்குள் போய்வரக்கூடிய கடலோர நீர்நிலைகள் என்று மூன்று பெயர்கள் மேலே வந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கோடியக்கரை, தமிழ்நாடும் ஆந்திராவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் பழவேற்காடு ஏரி, கோழிக்கோட்டுக்குத் தெற்கே கடலுண்டி. மூன்றுக்கும் நான் வெவ்வேறு வருடங்களில் போயிருக்கிறேன். அதனால் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவுக்காக எழுதியதையே, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் மாதத்தைப் பற்றி. படங்களில் பார்க்கிற பூநாரைக் கூட்டம் டிசம்பர், ஜனவரிக்கு உரியது. அக்டோபர் தொடக்கம் புரட்டாசியின் பின்பாதி. தென்மேற்குப் பருவமழை விலகிக்கொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் வந்திருக்காது. அது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஐப்பசி பிறந்தால் அடைமழை என்று நம் வீட்டில் சொல்வதும் அதே கணக்குதான். இந்த இடைவெளி இரண்டு, மூன்று வாரம்தான். இதற்குள் போனால் ஒரு காட்சி, இது கழிந்து போனால் வேறு காட்சி.

இந்தச் சில வாரங்களில் வருகிறவை பெரும்பாலும் சின்னப் பறவைகள். கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், நீருக்கு மேல் பறந்து மீன் பிடிக்கும் ஆலாக்கள். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. எடை 25 கிராம் அளவில்தான், ஒரு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனக்கும். சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் ஓரத்துத் தரைவெளியில் குஞ்சு பொரிக்கிறது. வளர்ந்த பறவைகள் முதலில் தெற்கே கிளம்பிவிடும். அந்த ஜூன், ஜூலையில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே வரும். வழி காட்ட ஒருவரும் இல்லை. அக்டோபரில் நம் உப்பளத்து ஓரத்தில் ஓடி ஓடிக் கொத்தும் கூட்டத்தில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட முதல் பயணக் குஞ்சுகளாக இருக்கலாம். முதுகுச் சிறகின் விளிம்பு புதிதாக, வெண்மையாகத் துலங்கும். தொலைநோக்கியில் அதை முதன்முதலாகப் புரிந்து பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைக் காட்ட முடிந்தால், ஆயிரம் பூநாரை பார்ப்பதைவிட அது பெரிது என்றே நினைக்கிறேன்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் வைத்துக்கொண்ட முதல் கேள்வி இது: அந்த வாரத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கும்? கொசு உள்ளானின் கால் இரண்டு அங்குலம்கூட இராது. ஈரச்சேறும் விரல் நனையும் தண்ணீரும் இருந்தால்தான் அது இறங்கும். பவளக்காலிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் பரவாயில்லை. பூநாரை நம் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் நடந்து மேயும். ஊசிவால் வாத்து மிதக்கும். ஒரே நீர்நிலை, ஒரு பெரிய மழைக்கு முன் உள்ளான்களுடையது, பின் வாத்துகளுடையது. ஊர் பெயரை மட்டும் பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நாங்கள் போவதென்றால் தமிழ்நாட்டுப் பக்கமாக அல்ல, ஆந்திராவின் சூலூர்ப்பேட்டை வழியாகத்தான் போவோம். பெங்களூரிலிருந்து கோலார், சித்தூர், திருப்பதி வழியே வண்டியில் ஏழெட்டு மணி நேரம். ரயில் என்றால் சென்னை போய், அங்கிருந்து சூலூர்ப்பேட்டை வரை புறநகர் மின்வண்டியே ஓடுகிறது. மூன்றில் போக்குவரத்து அலுப்பு குறைந்த இரண்டில் இது ஒன்று.

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியை நடுவே பிளந்துகொண்டு கிழக்கே போகிறது. இருபுறமும் தண்ணீர். நடக்கவே தேவையில்லை, வண்டியை விட்டு இறங்கினால் பறவை. வெளிச்சத்துக்கும் அந்தச் சாலை வசதியானது. அக்டோபரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அதனால் வடக்குப் பக்கத்துப் பறவைகள் மேல் நாள் முழுக்க நல்ல வெயில் விழும். முட்டிவலி உள்ள மாமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று முதலில் எனக்கே தோன்றியது.

ஆனால் ஏரியின் வடபகுதி ஆழமே இல்லாதது. கோடையில் காய்ந்து வெள்ளைப் பொட்டலாகிவிடும். ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் அது நிறையும். நான் ஒருமுறை அக்டோபர் முதல் வாரம் போய் நின்றபோது, சாலையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த சேறு. தூரத்தில் மாடுகள் மேய்ந்தன. எங்கோ ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்று, அதில் நெடுங்கால் உள்ளான்கள் இருபது, முப்பது இருந்தன. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அதைக் காட்ட மனம் வராது. முன்மழை நன்றாகப் பெய்த வருடத்தில் நிலைமை மாறலாம், ஆனால் பதினான்கு பேருக்கு டிக்கெட் எடுக்கிறவர் அதை நம்பி எடுக்க முடியாது.

பக்கத்திலேயே நேலப்பட்டு இருக்கிறதே, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடமாயிற்றே என்று மாமா கேட்டார். உண்மைதான், அருமையான இடம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அடுக்கடுக்காகக் கூடு வைக்கும். ஆனால் அதுவும் மழைக்குப் பிறகுதான் களைகட்டும். இன்னொன்று, கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூட்டில் இருப்பதைப் பார்க்க நாம் ஆந்திரா போக வேண்டியதில்லை. மைசூர் சாலையில் மத்தூர் பக்கம் கொக்கரே பெள்ளூர் இருக்கிறது. ஊருக்குள், வீட்டுக் கொல்லையில் உள்ள புளியமரத்தில் கூடு. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாலையே திரும்பிவிடலாம்.

தமிழ்நாட்டுப் பக்கம், பழவேற்காடு ஊரிலிருந்து படகில் போகலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதற்கு நான் உடனே வேண்டாம் என்றேன். 2011 டிசம்பர் 25 அன்று அந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குடும்பமாக வந்தவர்கள். பிள்ளைகள் இருக்கும் குழு, அனுமதியும் மிதவை அங்கியும் இல்லாத படகில் ஏறுவதைப் பற்றிப் பேசவே கூடாது. ஸ்ரீஹரிகோட்டா சாலையிலும் ஒரு எச்சரிக்கை: கனரக வண்டிகள் வேகமாகப் போகும், ஓரம் அகலமில்லை. பெரியவர்கள் நாலு பேர் போனால் சமாளிக்கலாம், நான்கு பிள்ளைகளோடு கஷ்டம்.

கடலுண்டியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கடலுண்டி ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள சேற்றுத் திட்டும் அலையாத்தியும். ஊர் மக்களும் சேர்ந்து காக்கும் இயற்கைப் பகுதியைச் சமூகக் காப்பகம் என்பார்கள்; கேரளத்தில் முதலாவது இதுதான், 2007-இல் அறிவித்தார்கள். யஷ்வந்த்பூரிலிருந்து கண்ணூர் போகும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் கோழிக்கோடு, அங்கிருந்து இருபது கிலோமீட்டர். சாலை வழியாகப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். பறவை பார்க்க அதிகாலையில் போய்ச் சேரலாம் என்று இரவில் கிளம்பினால் குண்டல்பேட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அங்கே பறவை வரும் நேரத்தைச் சூரியன் முடிவு செய்வதில்லை, கடல் முடிவு செய்கிறது. வற்றத்தில் கடல்நீர் இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்ததும் உப்புக்கொத்தியும் கோட்டானும் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவை) பவளக்காலியும் இறங்கும். ஏற்றம் வந்தால் எழுந்து போய்விடும். ஆகவே நாம் போகும் நாளில் காலை வற்றமா என்று அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். விடுமுறைத் தேதி நம் கையில் இல்லாததால் இந்தத் தடவை அது பொருந்துவது கடினம். பிற்பகலில், துலாவர்ஷம் என்று அங்கே சொல்லும் ஐப்பசி இடிமழை வேறு. எனக்கு அதைவிட வருத்தமான விஷயம், சேற்றுத் திட்டின் மேல் மணல் ஏறி, பறவைக்கு இரை கிடைக்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது. திட்டே சின்னது. இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். இரண்டு பேராகப் போய் அமைதியாக உட்கார்ந்து பார்க்க அது நல்ல இடம், பதினான்கு பேருக்குத் தாங்காது.

இனி கோடியக்கரை.

தூரம்தான் அதன் மேல் உள்ள முதல் குறை. பெங்களூரிலிருந்து சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர். அதை வேனில் ஒரே மூச்சில் ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. மைசூரில் கிளம்பிப் பெங்களூர் வழியாக மயிலாடுதுறைப் பக்கம் போகும் இரவு ரயில் இருக்கிறது. அதில் ஏறிப் படுத்தால் விடியற்காலை தஞ்சாவூர். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று வேனில் போனால் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் வீண் இல்லை. சம்பா நடவு நடக்கும் காலம். உழுத வயலெல்லாம் கொக்கு, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை. மின்கம்பியில் பஞ்சுருட்டான் வரிசை. அவசரப்படாமல் நாலு இடத்தில் நிறுத்திப் போனால், கோடியக்கரை சேர்வதற்குள்ளேயே குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிரம்பிவிடும்.

நிலப்படத்தில் பார்த்தால் அந்த இடத்தின் மதிப்பு புரியும். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கிழக்குக் கடற்கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை, எதிரே யாழ்ப்பாணம். கரையைப் பிடித்துக்கொண்டே தெற்கே வரும் பறவைகள் அந்த முனையில் சேருகின்றன. சில அங்கேயே தங்கும், சில இளைப்பாறிவிட்டு இலங்கைக்குப் பறக்கும். பறவையியலாளர் சாலிம் அலி அந்த இடத்தின் மேல் அவ்வளவு அக்கறை வைத்ததும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைக் காலில் வளையம் மாட்டி ஆய்வு செய்வதும் இதனால்தான். 1967-இல் சரணாலயமானது. 2002-இல் ராம்சார் ஈரநிலம் ஆனது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. சதுப்பும் உப்பளமும் காடும் சேர்த்து 38,500 ஹெக்டேர்.

அக்டோபர் தொடக்கத்தில் அங்கே தண்ணீர் சரியான ஆழத்தில் இருக்கும். உப்பளங்கள் மழைக்கு முந்தைய கடைசி நாட்களில் இருக்கும். பாத்திகளில் மெல்லிய நீர், ஓரமெல்லாம் ஈரச்சேறு. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் ஆயிரக்கணக்கில் மேயும். ஒரு பாத்தியில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் போதும், ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாகச் சாப்பிடுவது தெரியும். உப்புக்கொத்தி நாலடி ஓடி நின்று, பார்த்து, கொத்தும். வளைமூக்கு உள்ளான் தலையைத் தூக்காமல் தையல் இயந்திரம் மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகும். பிள்ளைகளுக்கு இனப்பெயர் சொல்லித் தருவதைவிட இதைச் சொல்லித் தருவது சுலபம், மறக்கவும் மறக்காது.

காடும் இருக்கிறது என்பது மற்ற இரண்டு இடத்துக்கும் இல்லாத நன்மை. வெயில் ஏறி, உப்பளத்தில் கானல் ஆடத் தொடங்கிய பிறகு தொலைநோக்கியில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அப்போது உலர்ந்த பசுமைமாறாக் காட்டுக்குள் போய்விடலாம். வடக்கிலிருந்து இறங்கும் ஆறுமணிக்குருவிக்கும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கும் அதுவே வழித்தங்கல். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் கேட்டால் அசையாமல் நிற்க வேண்டும். திறந்த புல்வெளியில் வெளிமான்கள். ஆண்மான் கறுத்து, முறுக்கிய கொம்போடு நிற்பதைப் பார்க்க நம் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்துகொள்வார்கள். காட்டில் அலையும் குதிரைகளும் உண்டு.

அங்கேயும் நான் தவறு செய்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு, விடுப்பு கிடைத்தது என்று நவம்பர் இரண்டாம் வாரம் நான்கு பேராகப் போனோம். வேதாரண்யத்தில் இறங்கியபோது தொடங்கிய மழை மூன்றாம் நாள் நாங்கள் கிளம்பும்வரை விடவில்லை. உப்பளமும் சதுப்பும் ஒரே நீர்ப்பரப்பாகிவிட்டன. உள்ளான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தூரத்தில், மழைத்திரைக்குப் பின்னால், பூநாரைகள் ஒரு ரோஜாநிறக் கோடாகத் தெரிந்தன. விடுதி அறையில் ஈரத்துணியைக் காயப்போட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவேதான் கரையேறியது, அந்தக் காட்டின் மரங்களை அப்படிச் சாய்த்துப் போட்டது. அந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்த நினைப்போடுதான் தேதி குறிக்க வேண்டும். அதனால் விடுமுறை அக்டோபர் 15-க்குள் விழுந்தால் கோடியக்கரை, அதற்குப் பின் விழுந்தால் இந்த வருடம் வேண்டாம் என்பதே என் முடிவு.

வயதானவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். பறவை பார்க்கிற இடத்தில் கழிப்பறை கிடையாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குத் திரும்புவது, மறுபடி மூன்றரைக்குப் போவது என்று நாளை இரண்டாக வெட்டிக்கொண்டால் அந்த இரண்டு அம்மாக்களுக்கும் சிரமம் இராது. நடுப்பகல் எப்படியும் பறவைக்கும் ஓய்வு நேரம்தான். கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, ஆனால் அறைகள் கொஞ்சம். நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். சதுப்புக்குள் போக அனுமதியும் அங்கேதான். கிடைக்காவிட்டால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வேதாரண்யம், விடுதிகள் உண்டு. சாப்பாடு பிரச்சினை இல்லை. குழுவில் பாதிப் பேர் புரட்டாசி விரதம், மீதிப் பேர் மீன் கேட்பார்கள், இரண்டும் அந்த ஊரில் கிடைக்கும்.

செலவிலும் கோடியக்கரைதான் கூட வரும், தஞ்சாவூரிலிருந்து மூன்று நாளுக்கு வேன் எடுப்பதால். கடலுண்டி குறைவு, பழவேற்காடு நடுவில். நான் இதை ஒளிக்காமல் குழுவில் சொன்னேன். பிள்ளைகளுக்கான பங்கைக் கணினி வேலையில் இருப்பவர்கள் பிரித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

பூநாரை பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் ஒரே ஒருவர், ஏழாம் வகுப்புப் பிள்ளை. அக்டோபர் தொடக்கத்தில் கோடியக்கரைக்குப் பூநாரை வரத் தொடங்கியிருக்கும், சில நூறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று அவளிடம் உள்ளதைச் சொன்னேன். பழவேற்காட்டுக்கு ஜனவரி கடைசியில், ஏரி நிறைந்திருக்கும்போது, சென்னை வழியாக ரயிலில் போவது என்று அதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தாகிவிட்டது. தனியாகப் போகிறவர்களுக்கும், பூநாரைதான் முக்கியம் என்கிறவர்களுக்கும் என் பரிந்துரை அதுவே: தசராவில் வீட்டில் இருங்கள், பொங்கலுக்குப் பின் சூலூர்ப்பேட்டை போங்கள்.

எங்களுக்குக் கோடியக்கரை. வியாழன் இரவு ரயில். தொலைநோக்கி மூன்றும் முக்காலியில் வைத்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்றும் போதும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை யாரும் போட வேண்டாம், பறவை தூரத்திலேயே எழுந்துவிடும். கொசுவத்தி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பெரிய கண்ணாடியின் முக்காலியைப் பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போதே மொட்டைமாடியில் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.